தூரம் சரி, நேரம்தான் சிக்கல்: சிறு விமான நிலையங்களுக்கு இடையே பறக்கும் கணக்கு

கனடாவின் வடகோடியில், கார்ன்வாலிஸ் தீவில், ரெசொல்யூட் என்றொரு சிற்றூர். அதற்கும் வடகிழக்கே, எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், கிரீஸ் ஃபியோர்ட் என்று அதைவிடச் சிறிய ஊர். கனடாவில் பொதுமக்கள் குடியிருக்கும் ஊர்களில் வடக்கே கடைசி அதுதான். இரண்டுக்கும் இடையே சாலை கிடையாது. நடுவில் இருப்பது ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கடல். போகவர வேண்டுமென்றால் சிறு விமானம்தான்.

இந்த இரண்டு பெயரையும் ஒரு தூரக் கணிப்பானில் போட்டால் தூரம் சுமார் 383 கி.மீ., பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்கிற மாதிரி ஒரு விடை வந்து நிற்கும். தூரத்தை நம்பலாம். நேரத்தை அப்படியே நம்பக் கூடாது. ஏன் ஒன்றை நம்பலாம், இன்னொன்றை நம்பக் கூடாது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெரிய நகரங்களுக்கு இடையே இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. ஒதுக்குப்புறமான சிறு நிலையங்களுக்கு வரும்போதுதான் நேரக் கணக்கு தடம் புரள்கிறது.

தூரம் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் பூமியில் ஒரு புள்ளி குறித்து வைக்கப்பட்டிருக்கும். பொதுவாக ஓடுதளங்களின் நடுப்பகுதியை ஒட்டிய ஒரு புள்ளி. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும், தூரம் வந்துவிடும். ரெசொல்யூட் நிலையம் வடக்கே 74.72 பாகை (டிகிரி), மேற்கே 94.97 பாகை. கிரீஸ் ஃபியோர்ட் வடக்கே 76.43, மேற்கே 82.91. கணிப்பான் செய்வதெல்லாம் இந்த நான்கு எண்களை ஒரு கோளக் கணிதச் சூத்திரத்தில் போடுவதுதான். அதையே நாம் காகிதத்தில் செய்து பார்க்கலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் சுமார் 111 கி.மீ. உலகில் எங்கே நகர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். நம் இரண்டு ஊர்களுக்கும் அட்சரேகை வித்தியாசம் 1.71 பாகை. அதாவது 190 கி.மீ. வடக்கே போக வேண்டும்.

கிழக்கு மேற்குக் கணக்கு அப்படி இல்லை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகை என்றால் அதே 111 கி.மீ. துருவத்தை நோக்கிப் போகப் போக தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்கிவந்து, துருவத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். 60 பாகை வடக்கே ஒரு பாகையின் அகலம் பாதியாகிவிடும். நம் ஊர்கள் இருக்கும் 75, 76 பாகையில் அது வெறும் 28 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இரண்டுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 12.06 பாகை. நிலநடுக்கோட்டில் இருந்திருந்தால் இது 1,340 கி.மீ. ஆகியிருக்கும். இங்கே 334 கி.மீ.தான்.

வடக்கே 190, கிழக்கே 334. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் கர்ணம் 384 கி.மீ. முழுக் கோளச் சூத்திரம் தரும் விடை 383. ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம். சில நூறு கிலோமீட்டர் தூரங்களுக்கு இந்தக் கைக்கணக்கே தாராளமாகப் போதும். ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் பூமியின் வளைவு கணக்கில் தலைகாட்டும், அப்போது முழுச் சூத்திரம் வேண்டும்.

அந்த முழுச் சூத்திரம் தருவதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும். அந்த வழிதான் பெருவட்டம். தட்டையான வரைபடத்தில் அது வில்லாக வளைந்து தெரியும். விமானம் சுற்றிப் போகிறதோ என்று தோன்றும். உண்மையில் வரைபடம்தான் வளைத்துக் காட்டுகிறது.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் இணையத்தில் பார்க்கும் பெரும்பாலான வரைபடங்கள் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அவை துருவப் பகுதிகளை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். 75 பாகைக்கு மேல் அந்த உப்பல் நான்கு மடங்கு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் 383 கி.மீ.க்கு எவ்வளவு நீளம் தெரியுமோ, அதைப்போல நான்கு மடங்கு நீளத்தில் ரெசொல்யூட்டும் கிரீஸ் ஃபியோர்ட்டும் தள்ளி நிற்கும். வடகோடி ஊர்களின் தூரத்தைக் கண்ணளவில் மதிப்பிட்டு ஏமாந்துபோக இது ஒன்றே போதும்.

பூமி சரியான உருண்டை இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. சாதாரணக் கணிப்பான்கள் சராசரியாக 6,371 என்று வைத்துக்கொள்ளும். அதனால் வரும் பிழை அதிகபட்சம் அரை சதவீதம். நம் 383 கி.மீ.யில் இரண்டு கி.மீ.க்குள் அடங்கிவிடும். நில அளவையாளருக்கு அது பெரிய விஷயம். பயணிக்கு அதனால் ஒரு நிமிடம்கூட மாறாது.

உண்மையில் தூரம் தப்பாக வருவது சூத்திரத்தால் இல்லை, உள்ளே போடும் எண்களால். மூன்று இடங்களில் இது நடக்கும். முதலாவது, பாகையும் கலையும் குழம்புவது. 74 பாகை 43 கலை என்பதை 74.43 என்று போட்டுவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஆக அது 74.72. அந்தச் சின்னப் பிழை 30 கி.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. குறி விட்டுப்போனால் ரெசொல்யூட் நேராக சைபீரியாவின் வடமுனைக்குப் போய்விடும். மூன்றாவது, ஊர்ப்பெயர். ஒரே பெயர் பல நாடுகளில் இருக்கும். கனடாவிலேயே செயின்ட் ஜான் ஓரிடத்தில், செயின்ட் ஜான்ஸ் வேறிடத்தில். அதனால் பெயரைவிடக் குறியீட்டைப் போடுவது நல்லது. பயணச்சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் வரும் மூன்றெழுத்து ஐஏடிஏ குறியீடு ஒன்று. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்தும் நான்கெழுத்து ஐசிஏஓ குறியீடு இன்னொன்று. மிகச் சிறிய சில தளங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடே இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகையை நேரடியாகப் போடுவதுதான் வழி.

அலகையும் கவனியுங்கள். விமானத் துறையில் மைல் என்றால் பெரும்பாலும் கடல் மைல், 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. நம் 383 கி.மீ. சாலை மைலில் 238, கடல் மைலில் 207. வேகத்தை நாட் கணக்கில் சொன்னால் அது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று பொருள். தூரத்தைச் சாலை மைலிலும் வேகத்தை நாட் கணக்கிலும் வைத்து வகுத்தால் விடை 15 சதவீதம் பிசகிவிடும்.

சரி, நேரத்துக்கு வருவோம்.

எந்த விமானம் என்பதுதான் முதல் கேள்வி

பல கணிப்பான்கள் மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகம் என்று எடுத்துக்கொண்டு, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்து ஒரு நேரத்தைச் சொல்லிவிடும். ஜெட் விமானம் ஓடும் பெருநகரப் பாதைகளுக்கு இது ஓரளவு பொருந்தும். 383 கி.மீ.யை 800ஆல் வகுத்தால் 29 நிமிடம், கூட ஒரு முப்பது, ஆக ஒரு மணி நேரம். முதலில் பார்த்த விடை வந்தது இப்படித்தான்.

ஆனால் கிரீஸ் ஃபியோர்ட்டில் இருப்பது குட்டையான சரளைக்கல் ஓடுதளம். பக்கத்திலேயே மலை. அங்கே ஜெட் இறங்காது. அங்கே போவது ட்வின் ஓட்டர். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்தது, முதன்முதலாகப் பறந்தது 1965இல். இரண்டு டர்போபிராப் என்ஜின், அதிகபட்சம் 19 பயணிகள். குட்டை ஓடுதளம், கரடுமுரடான தரை, சக்கரத்துக்குப் பதில் பனிச்சறுக்குப் பலகை, மிதவை என்று எதைக் கொடுத்தாலும் சமாளிக்கும். அதற்காகவே உலகின் ஒதுக்குப்புறங்களில் எல்லாம் இன்றும் அது பறந்துகொண்டிருக்கிறது. வேகம் மட்டும் குறைவு, மணிக்கு 270 முதல் 300 கி.மீ.தான்.

இப்போது 383ஐ 270ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி 25 நிமிடம். ஓடுதளத்தில் ஓட, ஏற, சுற்றி வந்து இறங்க என்று பத்து நிமிடம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். கணிப்பான் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. தூரம் அதேதான், மாறியது விமானம் மட்டும்.

அதனால் சிறு நிலையங்களுக்கு நேரம் கணக்கிடும்போது முதலில் அந்தப் பாதையில் எந்த விமானம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விமான நிறுவனத்தின் பயணப் பட்டியலிலேயே பெரும்பாலும் இருக்கும். பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் என்றால் மணிக்கு 240 கி.மீ. அளவு. செஸ்னா கேரவன் 300க்குக் கொஞ்சம் மேலே. 70 பேர் அளவில் ஏறும் ஏடிஆர் 72 என்றால் 500ஐ ஒட்டி. அந்த வேகத்தால் தூரத்தை வகுத்து, சிறு விமானத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடமும், ஜெட்டுக்கு அரை மணியும் கூட்டுங்கள். நிறுவனம் போட்டிருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

கூட்டுகிற அந்தப் பத்து நிமிடம் குறைந்த தூரத்தில் எப்படி ஆட்டம் காட்டும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் ஒரு பாதை இருக்கிறது. வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு. தூரம் 2.7 கி.மீ. எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுதளமே கிட்டத்தட்ட இந்த நீளம் இருக்கும். 1967 முதல் ஓடும் இந்தச் சேவைதான் உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானச் சேவை. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருப்பார்கள். காற்று வாகாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. அரை மணி நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் கணிப்பானிடம் இந்தப் பாதையைக் கொடுத்தால் முப்பது நிமிடம் என்று சொல்லும். இங்கே சமநிலையில் பறப்பது என்ற கட்டமே வருவதில்லை. ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விமான நிறுவனம் அச்சிடும் நேரம் பொதுவாகப் பிளாக் டைம், அதாவது நிறுத்துமிடத்திலிருந்து நகர ஆரம்பித்தது முதல் போய்ச்சேர்ந்த இடத்தில் நிற்கும்வரை. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டதுவரை என்பது வேறு. பெரிய நிலையங்களில் இரண்டுக்கும் இருபது முப்பது நிமிடம் வித்தியாசம் வரும். வரிசையில் நிற்க வேண்டும், நீண்ட தூரம் தரையில் ஓட வேண்டும். சிறு தளத்தில் வரிசையும் இல்லை, ஓடும் தூரமும் இல்லை. என்ஜினைக் கிளப்பி மூன்று நான்கு நிமிடத்தில் மேலே போய்விடுவார்கள்.

காற்றும் மலையும்

போகும்போது காற்று தள்ளிவிட்டால் வரும்போது தடுக்கும், மொத்தத்தில் சரிக்குச் சரி ஆகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆகாது. கணக்குப் போட்டே பார்ப்போம். ட்வின் ஓட்டர் 270 கி.மீ. வேகத்தில் போகிறது, காற்று 50 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து அடிக்கிறது. தரையைப் பொறுத்து வேகம் 320. 383 கி.மீ.யை 72 நிமிடத்தில் கடந்துவிடும். திரும்பும்போது அதே காற்று எதிரே. வேகம் 220ஆகக் குறைகிறது, நேரம் 104 நிமிடம். இரண்டும் சேர்ந்து 176. காற்றே இல்லாமல் இருந்திருந்தால் 170. எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கிக்கொண்டு இருக்கிறோம், பின்காற்றின் உதவி குறைந்த நேரமே கிடைக்கிறது. அதனால் போக வர என்று பார்த்தால் காற்று எப்போதும் நஷ்டம்தான்.

வேகம் குறைந்த விமானத்துக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும். அதே 50 கி.மீ. எதிர்க்காற்று 800 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட்டை இந்தத் தூரத்தில் இரண்டு நிமிடம் தாமதப்படுத்தும். ட்வின் ஓட்டரை 19 நிமிடம் தாமதப்படுத்தும். தவிர, ட்வின் ஓட்டரின் உட்புறம் அழுத்தம் ஏற்றப்படாதது. ஜெட் மாதிரி உயரே போய் மேகத்தையும் காற்றையும் தாண்டிவிட முடியாது. கீழ்வானத்தில் என்ன இருக்கிறதோ அதோடுதான் போராட வேண்டும்.

மலைப் பிரதேசத்தில் நேர்கோடே பொருள் இழந்துவிடும். நேபாளத்தில் மந்தாலி, லுக்லா என்ற இரண்டு சிறு நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 74 கி.மீ. அளவுதான். மந்தாலி கடல் மட்டத்திலிருந்து 474 மீட்டர் உயரத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. லுக்லா 2,846 மீட்டரில். ஆக, விமானம் பெரும்பாலான நேரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏறும்போது முன்னே போகும் வேகம் குறையும். நடுவில் இருக்கும் மலைமுகடுகளைத் தாண்ட லுக்லாவைவிட உயரத்துக்கும் போக வேண்டும். கடைசியில் கிடைப்பது 527 மீட்டர் நீள ஓடுதளம், 11.7 சதவீதச் சரிவு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 60 மீட்டர் உயர வித்தியாசம். மேட்டை நோக்கி இறங்குவார்கள், பள்ளத்தை நோக்கிக் கிளம்புவார்கள். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பாதாளம். கடைசி நேரத்தில் மனம் மாறி மறுபடி மேலே எழும்ப இடமே இல்லை. பிற்பகலில் காற்று எழும்பிவிடும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறந்து முடித்துவிடும்.

இத்தனைக்கும் நடுவே அந்தப் பறப்பு இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் பயணம் இருபது நிமிடமா? மலையேற்றப் பருவங்களில் காத்மாண்டு நிலையத்தின் நெரிசலைக் குறைக்க, லுக்லா விமானங்கள் பலவற்றை மந்தாலியிலிருந்து கிளப்புவார்கள். காத்மாண்டுவிலிருந்து லுக்லாவுக்கு நேராகப் பறந்தால் 135 கி.மீ., அரை மணி நேரம். மந்தாலி வழியாக என்றால் பறப்பது பாதித் தூரம்தான், ஆனால் முதலில் காத்மாண்டுவிலிருந்து நான்கைந்து மணி நேரம் மலைச்சாலையில் போக வேண்டும். காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதுமே கிளம்ப வேண்டியிருக்கும். பறக்கும் தூரம் குறைந்து பயண நேரம் பல மடங்காகிறது. இதை எந்தப் பெருவட்டச் சூத்திரமும் சொல்லாது.

நேரடி விமானம் இல்லாதபோது

கணிப்பான் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் தூரம் சொல்லும். அந்தப் பாதையில் விமானம் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. பசிபிக்கில் ஈஸ்டர் தீவிலிருந்து மங்கரேவா தீவுக்கு நேர்தூரம் சுமார் 2,600 கி.மீ. ஜெட் கணக்கில் மூன்றே முக்கால் மணி நேரம் என்று காட்டும். ஆனால் மங்கரேவாவுக்கு வழக்கமான விமானம் வருவது டஹிட்டி தீவின் பாபேட்டிலிருந்து மட்டுமே. ஈஸ்டர் தீவிலிருந்து பாபேட் 4,250 கி.மீ. மேற்கே. மங்கரேவாவையும் தாண்டிப் போய், பிறகு 1,650 கி.மீ. கிழக்கே திரும்பி வர வேண்டும். மொத்தம் 5,900 கி.மீ. நேர்தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஈஸ்டர் தீவிலிருந்து பாபேட்டுக்கு நேரடி விமானம் கிடைக்காவிட்டால் எதிர்த்திசையில் சிலியின் சான்டியாகோவுக்கே போக வேண்டும், அது 3,750 கி.மீ. கிழக்கே.

மங்கரேவாவில் விமானம் இறங்கியதும் பயணம் முடிந்துவிடாது. ஓடுதளம் இருப்பது பவளத்திட்டில் உள்ள ஒரு குறுந்தீவில். ஊர் இருப்பது எதிரே பெரிய தீவில். படகு வந்து ஏற்றிப் போகும். சிறு தீவுகளில் இது ரொம்ப சகஜம். சமதளமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓடுதளம் போட முடியும்.

அங்கே கடிகாரமும் கொஞ்சம் குழப்பும். மங்கரேவாவின் நேரம் டஹிட்டியைவிட ஒரு மணி முன்னால். பறக்கும் நேரம் 3 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், போகும்போது அட்டவணையைப் பார்த்துக் கழித்தால் 4 மணி 40 நிமிடம் வரும், திரும்பும்போது 2 மணி 40 நிமிடம். அட்டவணையில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் கழித்தால் பறக்கும் நேரம் கிடைக்காது.

இதன் உச்சம் சமோவா. சமோவாவுக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் இடையே 150 கி.மீ. அளவுதான், பறப்பது முக்கால் மணி நேரத்துக்குள். ஆனால் சமோவா 2011 டிசம்பர் 30ஆம் தேதியைத் தன் நாட்காட்டியிலிருந்தே நீக்கி, தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறிக்கொண்டது. இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 24 மணி நேரம். கடிகார முள் ஒரே இடத்தில் இருக்கும், தேதி மட்டும் வேறு. சமோவாவில் திங்கள் நண்பகலில் ஏறினால் பாகோ பாகோவில் ஞாயிறு பிற்பகலில் இறங்கலாம். அங்கே தங்குமிடம் பதிவு செய்பவர்கள் தேதியை இரண்டு முறை பார்ப்பது நல்லது.

ஒதுக்குப்புறம் என்பதற்கு எரிபொருள் கணக்கிலும் ஒரு விலை உண்டு. சேரும் நிலையத்தில் வானிலை மோசமானால் பக்கத்து நிலையத்துக்குப் போய்விடலாம் என்பது சாதாரண ஏற்பாடு. அட்லான்டிக்கின் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினாவுக்குப் பக்கத்து நிலையம் என்று ஒன்று கிடையாது. அங்கே ஓடுதளத்தில் காற்றுச் சுழற்சி வேறு தொல்லை. வழக்கமான பயணிகள் விமானம் 2017 அக்டோபரில் தொடங்கியது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நேர்தூரம் 3,680 கி.மீ. போகிற வழியில் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்வார்கள். தீவில் இறங்க முடியாவிட்டாலும் ஆப்பிரிக்கக் கரைக்கே திரும்பி வரும் அளவுக்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்பதால்தான். திரும்பும்போது அந்த நிறுத்தம் தேவைப்படாது. ஆகவே ஒரே பாதைதான், போகும் நேரமும் வரும் நேரமும் வேறு.

செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷன் தீவுக்கு 1,300 கி.மீ., ஜெட்டில் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த விமானம் மாதத்துக்கு ஒரு முறைதான். மங்கரேவாவுக்கும் தினசரி விமானம் கிடையாது. இப்படிப்பட்ட பாதைகளில் பறக்கும் நேரத்தைவிட விமானங்களுக்கு இடையே காத்திருக்கும் நாட்கள்தான் பயணத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும். வானிலையால் ஒரு பறப்பு ரத்தானால் அடுத்தது நாளைக்கு என்று சொல்ல முடியாது. சிறு நிலையத்திலிருந்து வரும் விமானத்தையும் அங்கிருந்து தொலைதூரம் போகும் விமானத்தையும் ஒரே நாளில் பொருத்திப் பதிவு செய்யாமல், நடுவில் ஓர் இரவாவது விடுவது இதற்காகத்தான். முடிந்தால் இரண்டையும் ஒரே பயணச்சீட்டில் வாங்குங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு அப்போது பெரும்பாலும் விமான நிறுவனத்துக்குப் போகும். தனித்தனியாக வாங்கினால் அது உங்கள் தலையில்தான்.

அப்புறம் ஒன்று. ஒரு பாதையில் விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க விமானத் தடம் காட்டும் தளங்கள் உதவும். கடந்த சில நாட்களின் பறப்புகளைத் திறந்து, மேலெழுந்த நேரத்தையும் தரைதொட்ட நேரத்தையும் ஒப்பிட்டாலே காற்று எவ்வளவு விளையாடுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் அவை தரையில் இருக்கும் சமிக்ஞை வாங்கிகளை நம்பியிருப்பவை. துருவப் பகுதியிலும் நடுக்கடலிலும் மலை இடுக்கிலும் வாங்கிகள் குறைவு. தடம் பாதியில் அறுந்துபோகும், அல்லது ஊகித்து வரைந்த நேர்கோடாக நீளும். தாழப் பறக்கும் சிறு விமானம் என்றால் இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். அப்படித் தடம் கிடைக்காத இடங்களில் விமான நிறுவனத்தின் அட்டவணையை எடுத்து, நேர மண்டல வித்தியாசத்தைச் சரிசெய்து, வேகத்தால் வகுத்த நம் கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒத்துப்போனால் கணக்கு சரி. ஒரேயடியாக விலகி நின்றால் நடுவில் எங்கோ ஒரு நிறுத்தம் இருக்கும், அல்லது வேறு விமானம் ஓடுகிறது. நிறுவனத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள்.